பூவோடு வந்த தாதா

சினிமாவில் திருந்துகிற ரவுடிகள் பொதுவாக இரண்டு ரகம். முதல் ரகம், க்ளைமாக்ஸில் குண்டு பட்டு, அம்மா மடியில் தலை வைத்து, மூன்று நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டே டயலாக் பேசித் திருந்துவது. திருந்திய கையோடு செத்தும் போய்விடுவதால் இவர்களால் ஊருக்கு நல்லது ஏதும் நடப்பதற்கில்லை. இரண்டாவது ரகம், இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கதாநாயகி ஒரு சொட்டுக் கண்ணீர் விட, தாடியை எடுத்துவிட்டு மெக்கானிக் ஷெட்டில் வேலைக்குச் சேர்வது. (தாடிக்கும் குற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது.)

நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகம். இவனுக்குத் திருந்தும் உத்தேசமே கிடையாது. வேறு ஏதோ ஒரு தில்லுமுல்லுக்காக நல்லவன் மாதிரி நடிக்க ஆரம்பிப்பான். அப்புறம் நடிப்பை நிறுத்த முடியாமல் மாட்டிக்கொள்வான். காமெடிப் படங்களில் மட்டுமே காணக் கிடைக்கும் பிராணி. முதல் இரண்டு ரகத்தைவிட இவன்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறான் என்பது என் கட்சி.

1955-ல் ‘வி ஆர் நோ ஏஞ்சல்ஸ்’ என்று ஒரு ஹாலிவுட் படம். ‘காஸாப்ளாங்கா’ எடுத்த அதே மைக்கேல் கர்ட்டிஸ் எடுத்தது. டெவில்ஸ் ஐலண்ட் சிறையிலிருந்து தப்பிய மூன்று கைதிகள். ஹம்ப்ரி போகார்ட், பீட்டர் உஸ்தினாவ், ஆல்டோ ரே. கூடவே கூடையில் ஒரு பாம்பு, பெயர் அடால்ஃப். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைகிறார்கள். கூரை ரிப்பேர் செய்கிறேன் என்று மேலே ஏறி உட்கார்ந்து, ராத்திரி ஆனதும் கழுத்தை அறுத்துவிட்டுக் கொள்ளையடிப்பது என்று திட்டம். மேலே உட்கார்ந்தால் கீழே குடும்பத்தின் கஷ்டமெல்லாம் காதில் விழுகிறது. கடைக்காரர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத அப்பாவி. எல்லாம் கடன். கணக்குப் பார்க்கக் கடையின் முதலாளி, ஈவிரக்கமில்லாத சொந்தக்காரர், பாரிஸிலிருந்து வந்து இறங்குகிறார்.

அந்த மூன்று பேரும் உடனே சாமி கும்பிட்டு நல்லவர்களாகிவிடுவதில்லை. தெரிந்த தொழிலையே செய்கிறார்கள். போகார்டுக்குத் தெரிந்தது ஃபோர்ஜரி. எனவே கணக்குப் புத்தகத்தை ‘சரி’ செய்கிறார். கடைக்கு வந்த வழுக்கைத் தலையருக்குத் தலைவாரும் பிரஷ் செட் விற்கிறார். பாம்புக்குத் தெரிந்த ஒரே தொழிலைப் பாம்பும் செய்கிறது. கடைசியில் மூவரும் வெளியுலகம் நமக்குச் சரிப்படாது என்று சிறைக்கே திரும்பிப் போகிறார்கள். தலைக்கு மேல் ஒளிவட்டம் தோன்றுகிறது. பாம்புக் கூடைக்கு மேலும் ஒன்று!

ஆக, கெட்டவன் நல்லது செய்யும்போது குணம் மாற வேண்டும் என்று கட்டாயமில்லை. கைவசம் இருக்கும் சாமர்த்தியத்தின் திசை கொஞ்சம் மாறினால் போதும். இந்தச் சூத்திரத்தை நம் ஊரில் பிரமாதமாகப் பிடித்தவர் ராஜ்குமார் ஹிரானி.

* * *

‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.’ 2003-ல் வந்தது. அதைத் தமிழில் 2004-ல் ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ ஆக்கினார்கள். கமல், பிரபு, சிநேகா, டீனாக பிரகாஷ்ராஜ். வசனம் கிரேஸி மோகன். தமிழில் பெயர் வைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஹிந்தியில் முன்னா பொதுவான தாதா. தமிழில் அவன் தொழிலைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள்: வசூல். கூட இருக்கும் சகா பெயர் வட்டி! இந்தப் பெயர்ப் பொருத்தத்துக்குப் பிறகு வருகிறேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஊரில் அப்பா அம்மாவிடம் டாக்டர் என்று பொய் சொல்லி வைத்திருக்கும் ரவுடி, பொய் வெளிப்பட்டு அப்பா தலைகுனிந்து போனதும், மெடிக்கல் காலேஜில் குறுக்கு வழியில் நுழைகிறான். அங்கே வைத்தியத்துக்குப் பதிலாகக் கட்டிப்பிடிக்கிறான். நடந்து நடந்து ஈரத் தரையை அழுக்காக்குகிறார்களே என்று எரிந்து விழும் துப்புரவுத் தொழிலாளியைக் கட்டிப்பிடித்து, தரை சுத்தமாக இருப்பதற்கு நன்றி சொல்வான் பாருங்கள்... அது ஒரு காட்சி போதும். படித்த டாக்டர்கள் அத்தனை பேருக்கும் அந்த மனுஷர் தெரியவே தெரியாது. வசூலுக்குப் போகிறவனுக்கு வாட்ச்மேன், எடுபிடி, டீக்கடைப் பையன் எல்லாரையும் பார்த்துப் பழக்கம். அவர்கள் மூலம்தானே ஆசாமி வீட்டில் இருக்கிறாரா என்று தெரியும்!

ஹிந்தியில் அப்பாவாக நடித்தவர் சுனில் தத். மகனாக நடித்தவர் மகன் சஞ்சய் தத். அந்த வேஷத்தை முதலில் ஷாருக்கானுக்கு என்று வைத்திருந்ததாகச் சொல்வார்கள். அப்படி நடந்திருந்தால் படம் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கடைசியில் அப்பா மகனைக் கட்டிப்பிடிக்கும்போது தியேட்டரில் அத்தனை பேருக்கும் தொண்டை அடைத்ததே, அது கிடைத்திருக்காது. சஞ்சய் தத் 1993 ஏப்ரலில், மும்பைக் குண்டுவெடிப்பை ஒட்டிய வழக்கில், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததாகக் கைதானவர். மகனுக்காகச் சிறைக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து நரைத்த அப்பா, திரையில் மகனுடைய இன்னொரு பொய்யை மன்னிக்கிறார். அவர் நடித்த கடைசிப் படம். 2005 மே மாதம் காலமானார்.

* * *

என் கட்சிக்கு முக்கிய சாட்சி இரண்டாவது படம். ‘லகே ரஹோ முன்னாபாய்’. 2006 செப்டம்பர் 1-ல் ரிலீஸ்.

முன்னாவின் தொழில் இதில் இன்னும் தெளிவு. லக்கி சிங் என்ற கட்டட வியாபாரிக்காக (போமன் இரானி, வாயைத் திறந்தாலே சிரிப்பு) ஜனங்களை வீட்டைக் காலி செய்ய வைப்பது. ரேடியோவில் காலை வேளையில் ஒரு பெண் பேசுகிறாள். வித்யா பாலன். குரலைக் கேட்டே காதல். அக்டோபர் 2-ம் தேதி காந்தியைப் பற்றி ரேடியோவில் க்விஸ். ஜெயித்தால் அந்தப் பெண்ணை நேரில் பார்க்கலாம். முன்னாவுக்குக் காந்தியைப் பற்றித் தெரிந்தது அன்றைக்குச் சாராயக் கடை லீவு என்பது மட்டும். சர்க்யூட் (அர்ஷத் வார்ஸி) சுலபமாக முடிக்கிறான். சரித்திரப் புரொபசர்களைக் கடத்தி வந்து, ஃபோன் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறான். அகிம்சை பற்றிய க்விஸ்ஸில் ஆள் கடத்தி ஜெயித்த முதல் மனிதர் நம் முன்னாதான்.

ஜெயித்தவன் தானும் ஒரு சரித்திரப் புரொபசர் என்று அளக்கிறான். அவள், ‘எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் காந்தியைப் பற்றி ஒரு லெக்சர் கொடுங்கள்’ என்று கேட்டுவிடுகிறாள். அவள் வீட்டில் தாத்தாவும், பிள்ளைகள் கைவிட்ட அவருடைய சிநேகிதர்களும். வேறு வழியில்லாமல் காந்தி நூலகம் ஒன்றைத் தேடிப் போகிறான். ஈ, காக்காய் இல்லை. மூன்று நாள் சோறு தண்ணி தூக்கம் இல்லாமல் படிக்க, எதிரே காந்தி வந்து நிற்கிறார்! திலீப் பிரபாவல்கர் என்ற மராட்டி நடிகர். பாபுவை மூக்குக் கண்ணாடி, கைத்தடி என்று அவர் பயமுறுத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி நிற்கிறார், சிரிக்கிறார், அவ்வளவுதான். தேசிய விருது கொடுத்தார்கள். தகும்.

அப்புறம் லக்கி சிங் அந்தப் பெரியவர்களின் வீட்டையே தட்டிப் பறிக்கிறான். முன்னாவையும் எல்லாரையும் கோவாவுக்கு அனுப்பிவிட்டு, ஆளில்லாத நேரத்தில். இதுவரை வீட்டைக் காலி செய்ய வைத்த ரவுடி, இப்போது ஒரு வீட்டைத் திரும்ப வாங்கியாக வேண்டும். காந்தி, சத்யாக்ரகம் செய் என்கிறார்.

முதல் நாள் என்ன நடக்கிறது என்றால், லக்கி சிங் வீட்டு வாட்ச்மேன் முன்னாவின் கன்னத்தில் ஒன்று வைக்கிறான். முன்னா சிரமப்பட்டு மறு கன்னத்தைக் காட்டுகிறான். மறு கன்னத்திலும் விழுகிறது. அடுத்த கணம் வாட்ச்மேன் தரையில். இரண்டாவது அறைக்கு அப்புறம் என்ன செய்யணும்னு பாபு சொல்லவே இல்லையே என்பது முன்னாவின் நியாயம். தியேட்டர் அதிர்ந்தது. சிரித்து முடித்தபின் யோசித்தால் இது ஜோக் இல்லை என்று தெரியும். ஆயிரம் புத்தகம் எழுதியவர்கள் எழுப்பியிருக்க வேண்டிய சந்தேகம். மூன்றாவது அறைக்குத் தயாராக நிற்பவனைத்தான் சத்யாக்ரகி என்று சொல்ல வேண்டும். முன்னாவுக்கு அது புரியப் படம் முழுக்க ஆகிறது.

பிறகு அவன் கும்பலோடு லக்கி சிங் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறான். கத்தவில்லை, கல் விடவில்லை. ‘லக்கி, உனக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் குணமாகிவிடு’ என்று பூ கொடுக்கிறான். ரேடியோவில் சொல்ல, ஊரே பூ அனுப்புகிறது. லக்கி சிங் பூவைப் பார்த்து நடுங்குகிறான்.

* * *

இப்போது அந்த வசூல், வட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

கடன்காரன் வாசலில் கொடுத்தவன் போய் உட்கார்ந்துகொள்வது நம் நாட்டின் மிகப் பழைய வழக்கம். சாப்பிடாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருப்பான். உள்ளே இருப்பவனுக்குச் சோறு இறங்காது. இவன் செத்துப் போனால் பாவம் அவனுக்கு. அதற்குப் பெயர்தான் தர்ணா. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் 508-வது பிரிவில், தெய்வ கோபம் வரும் என்று பயமுறுத்தி ஒருவனைப் பணிய வைப்பது குற்றம் என்று போட்டு, உதாரணத்துக்கு இந்த ‘தர்ணா’வையே பெயரோடு எழுதி வைத்தான்.

அதற்கும் முன்னால், 13-ம் நூற்றாண்டில் நம் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு வேடிக்கை எழுதியிருக்கிறார். கடன் கொடுத்தவன், வாங்கியவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், பாக்கியைத் தீர்க்காமல் வட்டத்தை விட்டு அவன் காலை வெளியே வைக்கக் கூடாது. வைத்தால் மரண தண்டனை. ராஜாவையே ஒரு வெளியூர் வியாபாரி இப்படி வட்டம் போட்டு மடக்கியதாகவும், ராஜா குதிரை மேலேயே அசையாமல் நின்று பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்ததாகவும், தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் சொல்கிறார். (இப்போது அப்படி ஒரு வழக்கம் இருந்தால் சாக்பீஸ் கம்பெனிகள் கொழித்திருக்கும்.)

எனவே முன்னா லக்கி சிங் வாசலில் போய் உட்கார்ந்தது ஒன்றும் புதுத் தொழில் இல்லை. அவன் பாட்டன் முப்பாட்டன் காலத்து வசூல் முறை. அடுத்தவன் வாசலில் போய் நிற்பது என்பது லேசுப்பட்ட காரியமா? நீங்களும் நானும் நிற்போமா? கைமாற்றாகக் கொடுத்த 2000 ரூபாயைக் கேட்கவே, ‘சும்மா இந்தப் பக்கம் வந்தேன்’ என்று ஆரம்பித்து, காபி குடித்து, மழை பெய்யாததைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வருகிற ஜாதி நாம். நல்லவர்களுக்கு நல்ல குணத்தில் குறைவில்லை. குறைவெல்லாம் வெட்கத்தை விட்டு வாசலில் நிற்பதில்தான். ரவுடிக்கு அது கைவந்த கலை. கையில் இருந்த சைக்கிள் செயினுக்குப் பதில் ரோஜாப்பூ. நிற்கிற நிலை அதே நிலை.

அப்படியானால் காந்தி ஒரு பெரிய வசூல்காரரா என்று கேட்பீர்கள். இல்லை. காந்திக்கு தர்ணா பிடிக்காது. 1921-ல் கல்கத்தா மாணவர்கள் மற்றவர்களைப் போக விடாமல் வழியை மறித்து தர்ணா செய்தபோது, காட்டுமிராண்டித்தனம் என்று அவரே கண்டித்து எழுதினார். எதிராளியை மடக்கி நசுக்குவது ஒன்று. அவன் மனசு மாறும் வரை நாம் கஷ்டப்படுவது வேறு. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் தொந்தரவு. படத்திலும் முன்னா இந்தக் கோட்டில் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறான். ‘சீக்கிரம் குணமாகிவிடு’ என்பதை ஒரு தாதா வாயால் கேட்டால் வாழ்த்து மாதிரியா இருக்கிறது?

‘காந்திகிரி’ என்ற வார்த்தை இந்தப் படத்தால்தான் ஊரெல்லாம் பரவியது. தாதாகிரி மாதிரி காந்திகிரி. தமிழில் அது சரிப்படாது. ரவுடித்தனம் என்பது போலக் ‘காந்தித்தனம்’ என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ கஞ்சத்தனத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி ஒலிக்கிறது.

* * *

படத்தில் ரேடியோவில் முன்னாவிடம் யோசனை கேட்கிறவர்கள் வரிசையாக வருகிறார்கள். பெண் பார்க்க வந்தவன் நல்லவனா என்று ஓட்டல் பாத்ரூமில் ஒளிந்துகொண்டு கேட்கும் பெண்ணுக்கு, அவன் சர்வரை எப்படிக் கூப்பிடுகிறான் பார் என்று பதில். (சர்வரை விசிலடித்துக் கூப்பிடுகிறான். அவள் பின்வாசல் வழியாக எஸ்கேப்.) பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போட லஞ்சம் கேட்கும் குமாஸ்தாவிடம், ஒரு ரிடையர்டு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறார். காது மெஷின், வாட்ச், செருப்பு, சட்டை, பனியன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் அடுக்குகிறார். ‘என்னிடம் இருப்பது இவ்வளவுதான், எடுத்துக்கொள்.’ ஆபீஸே திரும்பிப் பார்க்கிறது. குமாஸ்தா அலறியடித்துக் கையெழுத்துப் போடுகிறார்.

எங்கள் மாடி வீட்டில் ஒரு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். இந்தப் படத்தை டி.வி.யில் பார்த்துவிட்டு மறுநாள் என்னிடம் வந்தார். அவருக்கு ஏதோ ஓர் ஆபீஸில் (எது என்று கேட்காதீர்கள், இன்னொரு தடவை அங்கே போக வேண்டியிருக்கிறது) ஒரு சான்றிதழ் வர வேண்டும். அதில் அவருடைய அப்பா பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப் போயிருந்தது. திருத்திக் கொடுக்க 500 ரூபாய் கேட்டிருந்தார்கள்.

“ஒரு காலுக்கு 500 ரூபாயா சார்? பாட்டா கடையில ரெண்டு காலுக்கும் சேர்த்தே 300 ரூபாய்க்குச் செருப்பு கிடைக்குது” என்றார்.

“அந்த வாத்தியார் மாதிரி சட்டையைக் கழட்டப் போறீங்களா?”

“சே சே, எனக்கு ஆஸ்துமா. பூதான்.”

திங்கட்கிழமை ஒரு ரோஜாவோடு போனார். கவுண்டரில் இருந்த அம்மாள், “தேங்க்ஸ் சார்” என்று தலையில் சொருகிக்கொண்டு, “அடுத்த திங்கக்கிழமை வாங்க” என்றார். அடுத்த திங்கள் இன்னொரு ரோஜா. அதுவும் தலைக்குப் போயிற்று. மூன்றாவது வாரம் பக்கத்து சீட்டு அம்மாள், “எனக்கு இல்லையா சார்?” என்று கேட்டார். நான்காவது வாரம் அந்தப் பிரிவு சூப்பரண்டு எழுந்து வந்து, “யார் இவர், வாரா வாரம் பூ கொண்டாறாரு?” என்று விசாரிக்க, சுற்றி இருந்தவர்கள் சிரிக்க, கவுண்டர் அம்மாளுக்கு முகம் மாறியது. ஐந்தாவது வாரம், “சார், பூ வேணாம் சார், ப்ளீஸ்.” ஆறாவது வாரம் துணைக்கால் வந்துவிட்டது.

நான் கணக்குப் போட்டேன். பூ 20, ஆட்டோ 80, ஆறு தடவைக்கு 600 ரூபாய்.

“லஞ்சத்தைவிட 100 ரூபாய் ஜாஸ்தி சார்.”

“இருக்கட்டும். அந்தப் பணம் பூக்காரம்மாவுக்கும் ஆட்டோக்காரருக்கும் போச்சு” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “உண்மையைச் சொல்லணும்னா, மூணாவது வாரம் எனக்கே கூச்சமா இருந்தது. அந்த முன்னா எப்படித்தான் நின்னானோ!” என்றார்.

போஸ்ட்மாஸ்டர் பூ வேலை செய்தது அந்த அம்மாளுக்கு வெட்கம் மிச்சம் இருந்ததால். சூப்பரண்டு எழுந்து வராமல் இருந்திருந்தால் இன்னும் ரோஜா வாங்கிக்கொண்டிருப்பார். படத்திலும் பாருங்கள், குமாஸ்தா பயப்படுவது வாத்தியாரின் பனியனுக்காக இல்லை, திரும்பிப் பார்க்கும் ஜனத்துக்காக. யாரும் பார்க்காத இருட்டறையில் காந்திகிரி எடுபடுமா என்ற கேள்வியைப் படம் தொடவில்லை. லக்கி சிங்குக்கு ஒரு மகள் இருக்கிறாள், கல்யாணம் இருக்கிறது, ஊர் வாய் இருக்கிறது. இதெல்லாம் இல்லாத லக்கி சிங்குகளும் உண்டு.

ஆனால் படம் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் நேர்மையும் அதில் இருக்கிறது. ஒரு மனோதத்துவ டாக்டர், எல்லார் முன்னிலையிலும் முன்னாவை நிறுத்திக் கேள்வி கேட்கிறார். முன்னாவுக்குத் தெரியாத எதையும் காந்தியால் சொல்ல முடியவில்லை. மூளையில் கெமிக்கல் கோளாறு, அவ்வளவுதான். காந்தி ஆவியும் இல்லை, அவதாரமும் இல்லை. மூன்று நாள் ராப்பகலாகப் படித்ததன் பலன். இதைச் சொல்ல அந்த டைரக்டருக்குத் தைரியம் வேண்டும். நம் ஊர் சாமிப் படங்களில் இப்படி ஒரு டாக்டரை உள்ளே விடுவார்களா?

இன்னொரு காட்சியையும் சொல்லிவிட வேண்டும். கோபத்தில் சர்க்யூட்டை அறைந்துவிட்ட முன்னா, ராத்திரியில் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்கிறான். அடியாள் தலைவன் அடியாளிடம் ஸாரி சொல்வது! வார்த்தை வராமல் திணறுகிறான். நாலு பேரை அடிப்பது சுலபம், ஒருத்தனிடம் ஸாரி சொல்லத்தான் நாக்கு எழவில்லை. வாசலில் நிற்க வெட்கப்படாதவனுக்கு இங்கே வெட்கம் வருகிறது. படத்தில் முன்னா நிஜமாக மாறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பூ, ரேடியோ, ஜனக்கூட்டம் ஒன்றும் கூட இல்லை.

* * *

படம் வந்து பத்து மாதம் கழித்து, அமெரிக்காவில் இது அப்படியே நடந்தது. க்ரீன் கார்டுக்கு வருஷக் கணக்கில் காத்திருந்தவர்களிடம், 2007 ஜூலையில் எல்லாரும் விண்ணப்பிக்கலாம் என்று முதலில் அறிவித்துவிட்டு, ஜூலை 2-ம் தேதி ‘இல்லை, விசா தீர்ந்துவிட்டது’ என்று கதவைச் சாத்தினார்கள். நம்மவர்கள் கோஷம் போடவில்லை. ஜூலை 10-ம் தேதி நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகளை அந்த இலாகாவின் டைரக்டருக்கு அனுப்பி வைத்தார்கள். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்தோம் என்றும் சொன்னார்கள். டைரக்டர் பாவம், போமன் இரானி மாதிரியே திகைத்திருப்பார். வந்த பூவையெல்லாம் காயம்பட்ட ராணுவ வீரர்கள் இருந்த வால்டர் ரீட் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து, ஜூலை 17-ம் தேதி, விண்ணப்பங்களை வாங்கிக்கொள்கிறோம் என்று இலாகா இறங்கி வந்தது. வழக்குப் போடுவோம் என்று வக்கீல்கள் மிரட்டியதற்கும் அதில் பங்கு உண்டு. பூ மட்டும் சாதித்ததாகச் சொன்னால் வக்கீல்கள் கோபித்துக்கொள்வார்கள்.

நிஜ முன்னாக்களும் இல்லாமல் இல்லை. மும்பைக்காரர் ஒருவர், அடிதடி, மிரட்டல் என்று உள்ளே போனவர், சிறையில் காந்தியின் ‘சத்திய சோதனை’யைப் படித்துவிட்டு, கோர்ட்டில் தன் குற்றங்களைத் தானே ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கிக்கொண்டார். பாம்பே சர்வோதய மண்டல் என்ற காந்திய அமைப்பு சிறைகளில் கைதிகளுக்குக் காந்தியைப் பற்றிப் பரீட்சை நடத்துகிறது. வெளியே வந்தபின் இவரும் அந்த வேலையில் சேர்ந்தார். முன்னா புரொபசர்களைக் கடத்தி எழுதிய அதே பரீட்சைதான். இங்கே காப்பி அடிக்க முடியாது, அவ்வளவு வித்தியாசம்.

சஞ்சய் தத் கதை ரெண்டரை மணி நேரத்தில் முடியவில்லை. 2006 நவம்பர் 10-ல் ஐ.நா. சபையில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதே மாதம் 28-ம் தேதி தடா கோர்ட், பயங்கரவாதச் சதியில் அவருக்குப் பங்கில்லை, ஆனால் ஆயுதச் சட்டப்படி குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஜூலையில் ஆறு வருஷம் என்றார்கள். சுப்ரீம் கோர்ட் 2013-ல் அதை ஐந்தாகக் குறைத்தது. ஏற்கனவே இருந்தது போக மீதியைக் கழிக்க 2013 மே மாதம் உள்ளே போனார். 2016 பிப்ரவரியில் வெளியே வந்தார்.

அவரை வைத்திருந்தது புனேயில் எரவாடா சிறையில். 1922-ல் காந்தியைத் தண்டனை கொடுத்து அடைத்தார்களே, அதே எரவாடா. 1932-ல் அவர் உண்ணாவிரதம் இருந்து அம்பேத்கரோடு புனா ஒப்பந்தம் ஏற்பட்டதும் அங்கேதான். அந்தச் சிறையில் சஞ்சய் தத் காகிதப் பை ஒட்டினார். சிறைக்குள்ளேயே கைதிகளுக்காக ஒரு ரேடியோ இருந்தது. மைக்கைப் பிடித்து அதில் நிகழ்ச்சி நடத்தினார். படத்தில் ஜான்வி உட்கார்ந்த நாற்காலியில் முன்னா!

மதில் சுவருக்கு வெளியே அந்த ரேடியோ கேட்காது. உள்ளே யார் யார் என்ன நேயர் விருப்பம் கேட்டார்கள், யாருக்கு என்ன யோசனை சொன்னார், என்றைக்காவது ‘லகே ரஹோ’ பாட்டைப் போட்டாரா... அப்போது உள்ளே இருந்தவர் யாராவது எழுதினால், புத்தகம் என்ன விலையானாலும் வாங்கத் தயார்.